மருந்தை மட்டும் எடுத்துக்கொண்ட மரபுப்பற்று

மனச்சோர்வுக்கு மூலிகையே போதும், ஆங்கில மருந்து வேண்டா என்னும் குரல் இப்போது நம் சிற்றிதழ் வட்டத்திலும் ஒலிக்கிறது. மண்ணின் அறிவு, மரபின் மீட்பு முதலிய பெருஞ்சொற்கள் அதற்குத் துணைநிற்கின்றன. தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கும் மரபின்மீது பற்று உண்டு. அப்பற்றினாலேயே இக்கூற்றை மறுக்கிறோம்.

மூலிகையில் ஒன்றுமில்லை என்பது நம் வாதமன்று. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் ஐரோப்பியச் செடியை எடுத்துக்கொள்வோம். 2002இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. ஒப்பீட்டுக்குக் கொடுத்த செர்ட்ராலினும் விஞ்சவில்லை. 2008இல் காக்ரேன் குழு 29 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அச்செடியின் சாறு வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ நிகராகப் பயன் தருவதாகக் கண்டது. ஆனால் அதிலுள்ள ஹைபர்ஃபோரின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரை, இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, மாற்றுறுப்புக் காக்கும் மருந்து ஆகியவற்றின் வலுவைக் குறைத்துவிடுகிறது. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் வேறு ஆபத்தும் உண்டு. வேலை செய்யும் பொருள் எதுவும் தீங்கும் செய்யவல்லது. பக்கவிளைவே இல்லாதது என்றால், விளைவும் இல்லாதது என்றே ஐயுற வேண்டும்.

நம் நாட்டுச் சர்ப்பகந்தாவும் இதையே சொல்கிறது. அதன் வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு அதை உண்டவர் சிலரிடம் மனச்சோர்வு தோன்றியதாக மருத்துவர்கள் பதிவு செய்தனர். பின்வந்தோர் அத்தொடர்பை ஐயுற்றதும் உண்டு. எனினும் மூலிகை என்றாலே மனத்துக்கு இதம் என்று எவர் சொல்ல முடியும்?

பழைய மருத்துவம் இதை அறியாததன்று. சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம் என்று அது வகுத்தவை யாவும் மருந்தின்மீதான அச்சத்தின் அடையாளங்களே. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது. இன்றைய விளம்பரமோ மருந்தை மட்டும் புட்டியில் அடைத்துவிட்டு, ஏனைய மூன்றையும் கைவிடுகிறது. இதை மரபு என்பது மரபுக்கே இழுக்கு.

நம் மாணவர் ஒருவர், நன்றாகக் கவிதை எழுதுபவர், மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு ஏதோவொரு சூரணத்துக்கு மாறினார். ஆறு வாரத்தில் வகுப்புக்கு வருவதும் நின்றது. உணவும் உறக்கமும் நின்றன. மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றதால் மீண்டார். அவரை மாற்றியது விளம்பரமன்று. நம்மைப் போன்றோர் எழுதிய உருக்கமான கட்டுரை ஒன்று. அதைப் படிக்கக் கொடுத்தவர்களும் நாமே.

ஆகவே எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலிகைகளை ஆராயுங்கள் என்று எழுதுங்கள், நாமும் கையொப்பமிடுவோம். மாத்திரையை நிறுத்துங்கள் என்று எழுதும் உரிமை நம் எவருக்கும் இல்லை. மரபைப் பேசுவோர் பத்தியத்தையும் சேர்த்தே பேசட்டும்.