வரைபடத்தில் இல்லாத மக்களா நாம்?

இந்நாட்டின் தொல்பொருட் சட்டம் 1940இல் காலத்தின்மீது ஒரு கோடு கிழித்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டதே தொல்பொருள் என்றது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வரத் தொடங்கியதோ 1820களில்! ஆகவே, ஊவா மலைச்சரிவில் அவர்கள் வாழ்ந்த லயமும், எழுப்பிய கோயிலும், துயிலும் இடுகாடும் அக்கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. பிற்காலச் சின்னங்களையும் தனி ஆணையால் காக்கலாமே என்பர். கேட்பார் இல்லாதபோது ஆணையிடுவார் யார்?

பதுளையில் நிற்கும் பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டைப் பாருங்கள். அதிகாரிகளின் அத்துமீறலைச் சந்தை வணிகர் மன்னனிடம் முறையிட்டனர். அவன் விதித்த ஒழுங்கு கல்லில் நிலைத்தது. வணிகனின் முறையீடு வரலாறு. உழைப்பாளியின் வாழ்விடம் மட்டும் வெறும் மண்ணா?

இது பழம்பெருமைப் பேச்சன்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமை கோரினர். தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டார்கள். பெரும்பாலோரின் விண்ணப்பங்களைத் தள்ளினார்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. புதையுண்டோர் எத்தனை பேர் என்பதிலேயே நாட்கணக்கில் குழப்பம்!

லயங்களைப் போற்றிக் காக்கச் சொல்கிறோமா? இல்லை! அந்த இருட்டறைகள் இடியட்டும். உரிமை நிலத்தில் நல்ல வீடுகள் எழட்டும். இடிக்குமுன் அளந்து பதிந்து வையுங்கள் என்றே கேட்கிறோம்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையருக்கென அறிவித்து, 60,000 பேரை வெளியேற்றினர். 1994இல் அங்கு அருங்காட்சியகம் திறந்தபோது, தரையில் விரித்த தெருப்படத்தில் விரட்டப்பட்டவர்களே தம் வீடிருந்த இடத்தைக் குறித்தார்கள். இன்று நமக்குக் கைத்தொலைபேசியே போதும். எவரும் இடங்களைக் குறிக்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடம் 2004 முதல் இருக்கிறது.

பதுளையின் ஆசிரியர்களே, நில அளவையாளர்களே, சட்டத்தரணிகளே! வெலிமடை, பண்டாரவளை விவசாயப் பெருமக்களே! முதியோரிடம் கேளுங்கள், ஒவ்வொரு லயத்தையும், கோயிலையும், காடு மூடிய இடுகாட்டையும் குறியுங்கள். அப்படத்தைத் தொல்பொருள் திணைக்களத்தின் மேசையில் வைத்து ஆணை கேளுங்கள்.

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க உலகமே வருகிறது. சுற்றியுள்ள தேயிலையை வளர்த்த மக்களின் சுவட்டை நாம் பதியாவிட்டால் வேறு யார் பதிவார்?