25 மார்க்கு விமானி

1968-ம் வருஷம் ஜனவரி மாதம். அமெரிக்காவில் ஒரு மாணவர் பரீட்சை எழுதினார். யேல் சர்வகலாசாலையில் கடைசி வருஷம் படித்துக் கொண்டிருந்தவர். தகப்பனார் எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்து, ஹூஸ்டன் நகரிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். பாட்டனார் செனட்டராக இருந்தவர். மாணவரின் பெயர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியானாரே, அவரேதான்.

எழுதியது விமானப்படை அதிகாரிக்கான பரீட்சை. விமானியாகும் தகுதியைச் சோதிக்கிற பகுதியில் அவருக்குக் கிடைத்தது 25. அதாவது, எழுதிய 100 பேரை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய 75 பேர் அவருக்கு மேலே நிற்பார்கள். தேறுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த புள்ளியும் அதே 25தான்.

அவர் சேர விரும்பியது நேரே போருக்குப் போகும் படையில் அல்ல. டெக்சாஸ் மாகாணத்து விமானக் காவற்படையில். அது ஒரு ரிசர்வ் படை. அதில் சேருகிறவர் பயிற்சி முடிந்ததும் வீட்டிலிருந்து தம் வேலையைப் பார்க்கலாம். குறித்த நாட்களில் வந்து விமானம் ஓட்டினால் போதும். சர்க்கார் கூப்பிட்டால் மட்டும் யுத்தத்துக்குப் போக வேண்டும். நம் மில் கேட்டில் நிற்கும் பதிலித் தொழிலாளி, 'இன்றைக்காவது கூப்பிட மாட்டார்களா' என்று காத்துக் கிடப்பான். இந்தப் பதிலிகளோ, கூப்பிட மாட்டார்கள் என்ற தைரியத்திலேயே பெயரைப் பதிந்து கொண்டவர்கள்!

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. வியத்நாமில் அமெரிக்கா நடத்திய அக்கிரம யுத்தம் அப்பொழுது உச்சத்தில் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் மாத்திரம் 16,000-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டனர். மாண்ட வியத்நாமிய மக்களோ லட்சக் கணக்கில். சிப்பாய்களுக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடந்தது. ஆனால் ரிசர்வ் படைகளைப் பெருமளவில் கூப்பிட ஜனாதிபதி ஜான்சன் இணங்கவில்லை. 1968-ல் கூப்பிட்டபோதும் சில பிரிவுகளை மட்டுமே கூப்பிட்டார். ஆகவே காவற்படையில் ஓர் இடம் என்றால் அது உயிருக்கு உத்தரவாதம். நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேர் அதற்காகக் காத்திருந்தார்கள்.

புஷ் காத்திருந்தாரா? 1968 மே 27-ந் தேதி விண்ணப்பம் கொடுத்தார். அன்றைக்கே பிரமாணம் எடுத்துக் கொண்டார்! படிப்பைக் காட்டிக் கட்டாய ஆள்சேர்ப்பிலிருந்து தப்பியிருந்த காலம் முடிய இன்னும் 12 நாட்களே பாக்கி. படைப்பிரிவின் தளபதி, தாமே பிரமாணம் செய்து வைப்பது போலப் புகைப்படம் எடுப்பதற்காகப் பின்னர் தனியாக ஒரு சடங்கும் நடத்தினார். கடல் கடந்து பணியாற்றச் சம்மதமா என்று படிவம் கேட்கிறது. 'இல்லை' என்ற கட்டத்தில் குறி இடப்பட்டிருந்தது. அதைக் குமாஸ்தா யாராவது போட்டிருக்கலாம் என்று பின்னாளில் அவருடைய ஆட்கள் சமாதானம் சொன்னார்கள்.

அதிகாரிப் பள்ளிக்குப் போகாமலே லெப்டினன்ட் பதவியும் வந்தது. அதே பிரிவில் லாயிட் பென்ட்சன் என்ற அரசியல் பிரமுகரின் மகன் இருந்தார். மாகாண கவர்னராயிருந்த கானலியின் மகன் இருந்தார். புகழ்பெற்ற கால்பந்து ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். டெக்சாஸ் சட்டசபையின் அக்காலத்துச் சபாநாயகர் பென் பார்ன்ஸ், ஹூஸ்டன் வியாபாரி ஒருவர் கேட்டதன் பேரில் இளைய புஷ்ஷுக்காகக் காவற்படைத் தலைவரிடம் தாம் சிபாரிசு செய்ததாக 1999-ல் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். தமக்காக யாரும் சிபாரிசு செய்தது தெரியாது என்றார் புஷ். தெரியாமலே இருக்கட்டும். கேட்காமலே கிடைக்கிற சலுகைக்குப் பெயர்தானே செல்வாக்கு?

இனி இன்னொரு பரீட்சையைப் பாருங்கள். குத்துச்சண்டை வீரர் முகமது அலி, 1964-ல் ராணுவத்தின் தகுதிப் பரீட்சையில் 16 புள்ளி பெற்றார். தேறுவதற்கு வேண்டியது 30. 'லாயக்கற்றவர்' என்று எழுதி விட்டுவிட்டார்கள். 1966-ல் யுத்தத்துக்கு ஆள் போதவில்லை. என்ன செய்தார்கள்? தேறும் புள்ளியை 15-ஆகக் குறைத்தார்கள்! 16 வாங்கியவர் ஒரே இரவில் லாயக்கானார். 1967 ஏப்ரல் 28-ல் சேர்க்கைக்குக் கூப்பிட்ட இடமும் அதே ஹூஸ்டன் நகரம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவர் ஓர் அடி முன்னால் வைக்க மறுத்து நின்றார். 5 வருஷச் சிறைத் தண்டனை, 10,000 டாலர் அபராதம், பட்டம் பறிப்பு. 1971-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது.

அதே 1966-ல் யுத்த மந்திரி மக்னமாரா, முன்பு தள்ளப்பட்ட ஏழை இளைஞர்களைச் சேர்க்க ஒரு திட்டம் போட்டார். அவர்களுக்குப் படிப்பும் தொழிலும் சொல்லித் தருவோம் என்றார். அதன்படி சுமார் மூன்றரை லட்சம் பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 100-க்குச் சுமார் 40 பேர் கறுப்பின மக்கள். காவற்படையிலோ கறுப்பர்கள் அந்நாளில் 100-க்கு ஒருவர், அதற்குச் சற்று மேல். குறைந்த மார்க்கு வாங்கிய ஏழைக்குக் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பினார்கள். குறைந்த மார்க்கு வாங்கிய பணக்காரருக்கு விமானத்தைக் கொடுத்து ஊரிலேயே வைத்துக் கொண்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் ஓட்டிய எப்-102 விமானம் ஆபத்தானதுதான். அதை ஓட்டத் துணிச்சல் வேண்டும். ஒரு வருஷப் பயிற்சியை முடித்துத்தான் ஓட்டினார். கோழை என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். அது நம் வேலையல்ல. அவருடைய தைரியம் எவ்வளவு என்பதல்ல நம் கேள்வி, யாருக்கு வாசல் திறந்தது என்பதுதான். இதைச் சொன்னது கம்யூனிஸ்டுகள் மட்டுமல்ல. அமெரிக்கக் கூட்டுப்படைகளின் தலைவராயிருந்த காலின் பவல், பெரிய இடத்துப் பிள்ளைகள் ரிசர்வ் படைகளில் ஒதுங்கிக் கொண்டதைத் தம் சுயசரிதையில் கோபத்தோடு கண்டித்தார். அதே பவல் 2001-ல் புஷ்ஷின் மந்திரிசபையில் வெளிநாட்டு மந்திரியானது வேறு கதை.

6 வருஷம் பணியாற்றுவதாக ஒப்பந்தம். 1972 ஏப்ரலுக்குப் பிறகு புஷ் விமானம் ஓட்டவில்லை. வருஷாந்திர வைத்தியப் பரிசோதனைக்குப் போகாததால் ஆகஸ்டில் ஓட்டும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் அவர் அலபாமாவில் ஒரு செனட் வேட்பாளருக்குத் தேர்தல் வேலை பார்த்தார். 1973 அக்டோபரில், ஒப்பந்தம் முடிய 8 மாதம் இருக்கும்போதே, ஹார்வர்டு வியாபாரக் கல்லூரியில் படிக்கக் கௌரவமாக விடுவிக்கப்பட்டார்.

2003 மே 1-ந் தேதி, ஜனாதிபதி புஷ் விமானியின் உடை தரித்து, விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் வந்து இறங்கினார். ஈராக்கில் பெரிய சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்தார். ஆனால் சண்டை முடியவில்லை. 2005-ல் ஈராக்கிலிருந்த அமெரிக்கத் துருப்புகளில் 100-க்கு ஏறத்தாழ 40 பேர் காவற்படையினரும் ரிசர்வ் படையினருமே. காலேஜ் சம்பளம் கட்ட வழியில்லாமல், அதற்கு உதவி கிடைக்கும் என்று கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் அவர்களில் அநேகம். கையெழுத்துப் போட்ட காலம் முடிந்த பிறகும், தேவை இருக்கிறது என்று சொல்லி, ஆயிரக் கணக்கானவர்களைப் படையிலேயே நிறுத்தி வைத்தது அவருடைய சர்க்கார்.