அடிஸ் அபாபாவில் பத்து மணி நேரம்

கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் தேடுபவர்களுக்கு அடிக்கடி கண்ணில் படுவது எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ். டொராண்டோவோ லண்டனோ, எங்கிருந்து கிளம்பினாலும் வழியில் அடிஸ் அபாபா. விலை கட்டுப்படியாகும், ஆனா நடுவில் எட்டு, பத்து மணி நேரக் காத்திருப்பு. உடனே வீட்டில் கேள்வி எழும்: "ஆப்பிரிக்காவிலயா? பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அங்க என்ன செய்யறது?"

அதே பத்து மணி நேரம் துபாயில் என்றால் புர்ஜ் கலீஃபா டிக்கெட் பார்த்திருப்போம். இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். அவர்கள் வகுப்பிலேயே எத்தியோப்பியக் குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். எந்த ஊர் பார்க்கத் தகுந்தது, எந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை அவர்கள் நம்மிடமிருந்துதான் கத்துக்கிறாங்க.

அதனால் வெளியே போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த முடிவை டிக்கெட் எடுக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அங்கே இறங்கிய பிறகு யோசிப்பதற்கு வழியில்லை.

முதலில் தடுப்பூசி

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு உண்டு. அதனால் அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இந்தியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. எத்தியோப்பியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து விமானம் மாறியவர்களுக்கு விலக்கு உண்டு. வெளியே காலடி வைத்தால் அந்த விலக்கு போய்விடும். சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். நாலு மணி நேரம் ஊர் சுற்றப் போய், தாத்தா பாட்டியோடு இருக்க வேண்டிய ஒரு வாரம் போய்விடும்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். கைக்குழந்தை, கர்ப்பிணி, அறுபது வயது தாண்டியவர் யாராவது கூட வருகிறார்கள் என்றால் டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். அவர்களுக்கு இந்த ஊசி எல்லா நேரமும் ஏற்றதல்ல. ஊசி போட முடியாத ஒருவர் இருந்தால் அந்தக் குடும்பம் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது. இலங்கைக்குப் போகிறவர்களுக்கு விதி சற்று வேறு. அதைத் தனியாகப் பாருங்கள்.

கூடவே உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்றும், உங்கள் நாட்டு அரசின் பயண அறிவுரை அடிஸ் அபாபா நகரத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். நீண்ட காத்திருப்புக்கு விமான நிறுவனமே ஹோட்டல் அறை தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் டிக்கெட்டுக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நேரக் கணக்கு

இறங்கி, இமிக்ரேஷன் வரிசை தாண்டி வெளியே வர ஒன்றரை மணி நேரம். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்னால் திரும்பியிருக்க வேண்டும். போக வர ஒரு மணி நேரம். பத்தில் இதெல்லாம் போனால் கையில் மிஞ்சுவது நாலரை. அதற்குள் ஓர் இடம், ஒரு சாப்பாடு, ஒரு காபி போதும். காத்திருப்பு எட்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றாலோ, இரவில் இறங்கி விடிவதற்குள் ஏற வேண்டும் என்றாலோ வெளியே போகாதீர்கள்.

போலே விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பது பெரிய வசதி. ஆனால் நகரம் 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம், நுவரெலியாவைவிட நிறையவே உயரம். பிள்ளைகளுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள். ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும்.

டாக்ஸிக்காரரிடம் நேரம் பேசும்போது ஒரு விஷயம். அங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. "ரெண்டு மணிக்கு வாங்க" என்று சொன்னால் யாருடைய ரெண்டு மணி என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சித்திரையில் தனிப் புத்தாண்டு கொண்டாடும் நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். எத்தியோப்பியாவின் புத்தாண்டு செப்டம்பர் 11 அல்லது 12. வருடத்துக்கு 13 மாதம்.

லூசியும் இஞ்செராவும்

பார்க்க ஓர் இடம் என்றால் தேசிய அருங்காட்சியகம். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். 1974-ல் அஃபார் பகுதியின் ஹடாரில் கிடைத்த 'லூசி'யின் வீடு அது. சுமார் 32 லட்சம் ஆண்டுப் பழமை, எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் கிடைத்திருக்கிறது. மக்கள் பார்க்க வைத்திருப்பது அச்சு அசலான நகல். அசல் எலும்புகளைப் பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறார்கள். லூசி நின்றால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், உங்கள் ஐந்து வயதுப் பிள்ளை உயரம். பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உள்ளூரில் அவள் பெயர் தின்கினேஷ், 'நீ அற்புதமானவள்' என்று பொருள்.

போகும் வழியில் கடைப் பலகைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்ஹாரிக் எழுத்தும் நம் க, கா, கி, கீ மாதிரிதான். ஒரு மெய்க்கு ஓர் உருவம், உயிர் மாறும்போது அந்த உருவத்தில் சின்ன மாற்றம். ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம். தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்களைத் தானே கண்டுபிடித்துவிடும்.

சாப்பாடு நமக்குப் பழகியதுதான். டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்து, பெரிய கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது இஞ்செரா. ஆப்பம் மாதிரி முழுக்கக் கண் கண்ணாக இருக்கும், புளிப்பு தோசையைவிடத் தூக்கல். சைவக்காரர்கள் 'பெயாய்நெத்து' என்று கேளுங்கள். ஒரே தட்டில் பருப்பு, கீரை, காய்கறி எல்லாம் வரும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் விரதம் இருப்பதால் அந்த நாட்களில் இது சுலபமாகக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு மட்டும் காரம் குறைவான கறிகளாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாரும் ஒரே தட்டில், வலது கையால் சாப்பிடுவார்கள். கோட் சூட் போட்டவரும் அப்படித்தான். அன்பான ஒருவருக்கு ஒரு வாய் உருட்டி ஊட்டிவிடுவதற்கு 'குர்ஷா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பள்ளியில் கையால் சாப்பிடக் கூச்சப்படும் நம் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும். நாம் இதுக்குன்னு ஒண்ணும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாகக் காபி. அது பிறந்த நாடே எத்தியோப்பியா. கண் முன்னால் கொட்டையை வறுத்து, இடித்து, 'ஜெபெனா' என்ற மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றும் முடிய நேரம் ஆகும். உங்களுக்கு நேரம் இல்லை என்றால் முதல் சுற்றோடு நன்றி சொல்லிக் கிளம்பலாம். அம்ஹாரிக்கில் நன்றி 'அமெசெக்னாலெஹு'. விமானத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், நம்மைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வாயில் வரும்.