நம்ம ஊரை நடந்து பார்ப்போமா?



டூர் என்றதும் நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகம் வருகிறது. "மதுரைல என்னப்பா இருக்கு? கோயில், மஹால், ஜிகர்தண்டா, அவ்வளவுதானே!" என்பவர்கள் நம் வகுப்பிலேயே நிறைய பேர். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போனால் அப்படித்தான் தோன்றும். கோயிலைச் சுற்றியுள்ள பழைய ஊரை நடந்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் தெருப் பெயர்களைப் பாருங்கள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். ஆனால் சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதியில்! மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம் மாறிவிட்டது, தெருவின் பெயர் மாறவில்லை.

எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது வெளி வீதி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்த இடம் அது. இடிப்பு வேலையைக் கவனித்த பெருமாள் மேஸ்திரிக்கும் ஒரு தெரு, மாரெட் துரைக்கும் ஒரு தெரு! கலெக்டர் ஞாபகமாக விளக்குத்தூண். அதற்கும் முந்தைய பாண்டியர் கோட்டையில் இடிக்காமல் விட்ட வாசல்தான் 'விட்டவாசல்'.

ஏழுகடல் தெருவில் ஒரு சொட்டுக் கடல்நீர் கிடையாது. காஞ்சனமாலை நீராடுவதற்காக இறைவன் ஏழு கடலையும் அங்கே அழைத்த திருவிளையாடல்தான் பெயருக்குக் காரணம். பக்கத்திலேயே கட்டி முடிக்காத ராயகோபுரம். மஹால் பக்கம் போனால், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துத் தூண்கள் நிற்கின்றன. அவை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். சேலை எடுக்கப் போகிற எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறோம்?

"வெயில், கூட்டம், ஒரே இரைச்சல்" என்பீர்கள். உண்மைதான். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மூன்றுமே குறைவு. செலவும் இல்லை.

கதை தெரியாதவனுக்கு அது நோட்டீஸ் ஒட்டுகிற தூண். தெரிந்தவன் ஒட்டவும் மாட்டான், ஒட்ட விடவும் மாட்டான். இருப்பதைக் காப்பாற்ற இதைவிடச் சுலபமான வழி உண்டா?

ஆகவே சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு சனிக்கிழமை காலை எங்களை நடத்திக் கூட்டிப் போங்கள். ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது!

- 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி