அட்டையில் ஒரு மோரிஸ் மைனர்

பழைய மகிழுந்துகளை நேசிப்பதும் அவற்றின் சிறுவடிவங்களைச் செய்வதும் வசதி படைத்தோரின் வீண்செலவு என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவான அவ்வண்டி மலாயாச் சாலைகளிலும் ஓடியது. அதன் நீளம் 376 செ.மீ.; அகலம் 155 செ.மீ. இரண்டையும் 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15.7, 6.5 செ.மீ. கிடைக்கும். பழைய அட்டைப்பெட்டியும் பசையும் கத்தரிக்கோலும் போதும். அகலத்தை மட்டும் 20ஆல் வகுத்துவிட்ட மாணவனின் வண்டி தவளைபோல் பரந்து நிற்கும். விகிதத்தில் நேர்ந்த பிழையை அவன் கண்ணே அவனுக்குக் காட்டிவிடும். ஆசிரியர் சிவப்பு மையைத் தேடவேண்டியதில்லை.

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் இன்று பழைய வண்டியாகிவிட்டது. தோட்டத்தை விட்டு ஆயர் தாவார் போன்ற சிற்றூர்களில் குடியேறிய நம்மவர் சிலருக்கு அதுவே முதல் மகிழுந்து. அவ்வண்டிகள் இப்போது பழைய இரும்புக்குப் போகின்றன.

பெற்றோர்களே, எடைக்குப் போடுமுன் பிள்ளைகளிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுங்கள். அவர்கள் அளக்கும்போது, அந்த வண்டியை வாங்க நீங்கள் பட்ட பாட்டையும் சொல்லுங்கள்.