ஐந்து தோட்டா போதும்

வயோமிங்கில் ஜான் லைன்பாக் 1980-களில் ரூகர் ரிவால்வரின் ஆறு தோட்டா சிலிண்டரைக் கழற்றிவிட்டு, தடித்த சுவருள்ள ஐந்து தோட்டா சிலிண்டரைப் பொருத்தி .500 லைன்பாக்கை உருவாக்கினார். அவ்வளவு பலம் அன்று பெரிய ஆலைகளில் கிடைக்காது. துப்பாக்கிக் கொல்லரிடம் காத்துக்கிடக்க வேண்டும். 2003-இல் ஸ்மித் அண்ட் வெசன் .500 மேக்னத்தைக் கடைக்கே கொண்டுவந்தது. பலம் சரி, ஆனால் நீளக் குழலோடு சுமார் இரண்டு கிலோ! கரடிக் காட்டில் நாள் முழுக்க அதை இடுப்பில் சுமந்தால்தான் தெரியும். கைவேலைக்குக் கொட்டிக்கொடுக்கும் பணம் எடைக்குறைவுக்கும், ஒவ்வோர் அறையையும் குழலுக்கு நேராகத் துளைக்கும் நேர்த்திக்கும்தான். அந்த நேர்த்தியை ஃப்ரீடம் ஆர்ம்ஸ் என்ற சிறு ஆலையே தன் .454 கசூலில் தந்துவிட்டது. என் ஓட்டு அதற்கு; லைன்பாக்கின் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.