"ஈஸி டு லேர்ன்" - யாருக்கு எளிது?

"சாரல் நேரத்தில் அருவியில் குளிக்க சுகமாக இருக்கும்." குற்றாலத்திலும் தென்காசியிலும் இதைச் சொல்லாத வாய் இருக்காது. இதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் கூடத் தடுமாறுகிறான். குற்றம் அவனுடையதா? இல்லை, அவனுக்குக் கற்பித்த முறையுடையது!

"முப்பது நாளில் ஆங்கிலம்" வகைப் புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் ஒரு சூத்திரம் தருகின்றன. முதலில் பெயரடை, அடுத்து 'டு', அதன்பின் வினைச்சொல். ஈஸி டு லேர்ன், ஹேப்பி டு மீட், ரெடி டு கோ... ஐம்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் போதுமாம். ஆங்கில வாக்கியங்களை இப்படி அச்சு அச்சாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஏ.எஸ்.ஹார்ன்பி. அவருடைய நூல் 1954-இல் வந்தது. அச்சில் தவறில்லை. அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

விளைவைப் பாருங்கள். "எனக்கு ஆங்கிலம் கற்பது எளிது" என்று நினைக்கும் மாணவன், "ஐ ஆம் ஈஸி டு லேர்ன் இங்கிலீஷ்" என்கிறான். சூத்திரப்படி எல்லாம் இருக்கிறது, ஆனால் வாக்கியம் தவறு. "இட் இஸ் ஈஸி ஃபார் மீ டு லேர்ன் இங்கிலீஷ்" என்பதே சரி. தமிழில் 'எனக்கு' என்று வருவதை அவன் 'ஐ' ஆக்கிவிட்டான். தமிழுக்குத் தேவைப்படாத அந்த 'இட்' ஆங்கிலத்துக்குத் தேவை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி 1964-இல் வெளியான நூலில் இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டார். "ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்", "ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்". அச்சு ஒன்றுதான், பொருள் நேர் எதிர். முதலாவதில் ஜான் பிறரை மகிழ்விக்கிறான். இரண்டாவதில் பிறர் ஜானை மகிழ்விக்கிறார்கள். சூத்திரம் மட்டும் படித்தவனுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "ஜான் பிறரை மகிழ்விக்க ஆவலாக இருக்கிறான்", "ஜானை மகிழ்விப்பது எளிது". 'ஐ' என்ற ஒற்றை உருபு உண்மையை உடைத்துவிடுகிறது. ஆங்கிலம் மறைப்பதைத் தமிழ் வெளியே காட்டுகிறது!

குளிக்க, ஏற, படிக்க என்பவை 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள். நன்னூல் சொல்லும் 12 வாய்பாடுகளில் இதுவும் ஒன்று. "ஏறக் கடினம்" என்பதை முன்பின்னாக மாற்றினால் "ஹார்ட் டு க்ளைம்ப்". வெள்ளம் வரும் நாளில் "அருவியில் குளிப்பது ஆபத்து" என்கிறோம். அந்த 'இல்' உருபுதான் "தி ஃபால்ஸ் ஆர் டேஞ்சரஸ் டு பேத் இன்" என்ற வாக்கியத்தின் கடைசியில் 'இன்' ஆக நிற்கிறது. இதை விளக்கிச் சொன்னால் மாணவன் அந்த 'இன்'னை மறப்பானா?

"தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி" என்பார்கள் சிலர். தமிழ் குறுக்கே வருவதால்தான் பிழைகள் வருகின்றன என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ் மட்டுமே கேட்கும் இலஞ்சிப் பிள்ளையோ செங்கோட்டைப் பிள்ளையோ வேறு எந்த மொழியில் யோசிப்பான்? தடை போட்டால் தமிழ் போய்விடாது, ஒளிந்துகொண்டு பிழை செய்யும். இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் பிழை பிடிபடும்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆனால் நேர்முகத் தேர்வில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சூத்திரத்தை நம்பிப் பணம் கட்டி, பேச வராமல் போனதும், "எனக்கு மண்டையில் ஏறாது" என்று தன்னையே நொந்துகொள்கிறான் மாணவன். இதுதான் பெரிய கொடுமை. வாக்கியத்துக்கு வாக்கியம் ஆசிரியர் இரண்டே கேள்விகள் கேட்கட்டும்: செய்வது யார்? யாரை, எதை, எங்கே? விடையைத் தமிழிலேயே சொல்லவிடட்டும். ஆங்கிலம் தானாக வரும்.